ரூ

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில்
டீ-ஷர்ட் குவியலுக்கும் செல்போன் உறைகளுக்கும் நடுவே
அறுபது ரூபாய்க்கு வாங்கினேன்
மூவாயிரம் ஆங்கிலச் சொற்களை.
சொல்லுக்கு இரண்டு பைசா.
மத்தியைவிட மலிவு.

எனக்கு முன் அந்தப் புத்தகத்தை வைத்திருந்தவர்
ஏ முதல் ஜி வரை
சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருக்கிறார்.
கடைசிக் கோடு கேருலஸ்: வாயாடி.
அதோடு பேச்சை நிறுத்திவிட்டார்.
வேலை கிடைத்ததோ
கல்யாணமோ
பென்சில்தான் தீர்ந்ததோ.
எச் தொடங்கி என் ஊதா மை.

நாலு மணியிலிருந்து ஒன்பதரை வரை
பெரிய வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்
ரொட்டிக் கடையில் அட்டைப்பெட்டி மடிக்கிறேன்.
பெட்டிக்கு ஐந்து மடிப்பு,
மடிப்புக்கு ஒரு சொல்.
லூசிட் என்று முணுமுணுத்தபோது
மாவு பிசைந்துகொண்டிருந்த கதிரொளி
'யாரைச் சொல்ற?' என்று நிமிர்ந்தான்.
தெளிவு என்று அர்த்தம், என்றேன்.
ராத்திரி கடை மூடும்வரை
அவன் அதை நம்பவில்லை.

ஆர் எழுத்துக்கு வந்தபோது அக்கினி நட்சத்திரம்.
ரூ: வருந்து, மனம் நொந்துகொள்.

அன்றைக்கு வைத்திக்குப்பத்துக்குச் சைக்கிளில் திரும்புகையில்
முக்குக்கு முக்கு நீலப் பலகையில்
வெள்ளையாய் அதே மூன்று எழுத்து.
பிறந்ததிலிருந்து கண்ணில் பட்டது
அன்றுதான் வாசிக்கக் கிடைத்தது.
ஆஸ்பத்திரி மதிலோரம் ஒரு வருத்தம்.
காகிதப்பூக் கொடி பாதி மறைத்த வருத்தம்.
சுற்றுலாக்காரர்கள் சாய்ந்து நின்று
படமெடுத்துக்கொள்ளும் மஞ்சள் சுவரில்
இரண்டு வருத்தங்கள், எதிரெதிரே.
நூல் பிடித்ததுபோல் நேராக
இந்தத் தெருக்களைப் போட்டவர்கள்
எதற்காக இவ்வளவு நொந்துகொண்டார்கள்?

ஜெர்மேன் விழுந்து விழுந்து சிரித்தாள்.
சொல்தா வீட்டுப் பெண்.
'அது பிரெஞ்சுடி. வெறும் தெரு.'
உதட்டைக் குவித்து அவள் சொன்ன ரூ
என் வாயில் உருளவில்லை.
அவளுக்கு இந்தத் தேர்வும் வேண்டாம்.
ஆகஸ்டில் லியோன் போகிறாள்.
அங்கே அவளுக்கென்று ஒரு தெரு
இப்போதே பெயரோடு காத்திருக்கும்.

வீட்டில் பயிற்சி மையத்தின் நோட்டீஸ்.
கடைசி ஒரு மாதம், தினமும் மாதிரித் தேர்வு.
கீழே தமிழில், தடித்த எழுத்தில், ரூ.
பக்கத்தில் ஒரு புள்ளி.
புள்ளிக்குப் பிறகு இருபத்திரண்டாயிரம்.
அப்பா சத்தம் போடவில்லை.
எட்டாக மடித்து
ஆடுகிற மேசைக்கால் அடியில் வைத்தார்.
மேசை நின்றது.
அதன்மேல்தான் எஸ் முதல் இசட் வரை படித்தேன்.

வில்லியனூர் ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர்.
செருப்பை வெளியே விடச் சொன்னார்கள்,
தலையில் குத்திய ஊசியையும்.
திரையில் ரூ வரவே இல்லை.
என் ஊதா மையில் இருந்து மூன்றே மூன்று.
மீதியெல்லாம் ஏ-க்கும் ஜி-க்கும் இடையில்.

அந்தப் பக்கங்களை நான் தொடவே இல்லை.
யாரோ படித்துவிட்டார்களே என்று
ஒரு நினைப்பு.

பெனைன்.
அதன் கீழே ஓடிய சிவப்புக் கோடு ஞாபகம் இருக்கிறது.
பக்கத்தில் பதிந்த டீக் கறையின் வட்டம்,
அதிலிருந்த சின்ன உடைசல்கூட.
பொருள் மட்டும் இல்லை.
அம்மாவின் மருந்துச்சீட்டில் எங்கோ பார்த்த மாதிரி
ஒரு பயம் வந்து, தப்பானதைத் தொட்டேன்.
கேருலஸுக்கு மட்டும் யோசிக்கவில்லை.
நன்றி, பென்சில்காரரே,
நீங்கள் எங்கே வாயடைத்துப் போயிருந்தாலும்.

மூன்றரைக்கு வாய்க்காலைத் தாண்டினேன்.
பலகை இருந்தது.
ஒரு தெரு நீளத்துக்கு நொந்துகொண்டேன்,
மிதிக்காமல், சைக்கிள் தானாக உருளும் வரை.
அடுத்த முக்கில் வெள்ளையடிக்கிறார்கள்.
பலகையைக் கழற்றிவிட்டார்கள்.
சுவரில் நாலு ஆணித் துளைகள்,
ஒன்றில் எறும்பு.
எழுந்து நின்று மிதித்தேன்.
சனிக்கிழமை.
இருநூறு பெட்டியாவது மடிக்க வேண்டியிருக்கும்.